நானூற்றுப் பதிமூன்றாவது கடிதம்

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் யார் பெரிய ஆள், யார் வாய்ச்சொல் வீரர் என்று எனக்குத் தெரிகிற அளவுக்கு இயக்குநருக்குக்கூடத் தெரியாது. நான் நூலகர். புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையெல்லாம் என்றோ போய்விட்டது. இப்போது நூலகத்துக்குள் வருகிறவர்கள் குளிர்சாதனத்தைத் தேடித்தான் வருகிறார்கள். என் வேலை எண்ணுவது. ஒரு ஆய்வாளர் எத்தனை கட்டுரை எழுதினார், அவற்றை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணி, அடியில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். பதவி உயர்வானாலும் பரிசானாலும் என் தாள் இல்லாமல் ஒன்றும் நகராது.

இருபத்தேழு வருடமாக எண்ணுகிறேன். அதனால் யாரைப் பார்த்தாலும் எனக்குச் சட்டென்று மரியாதை வந்துவிடாது. இரண்டாம் மாடியில் எலியின் இதயத்தை ஆராய்கிறவர் ஒருவர் இருக்கிறார், இதயக்காரர் என்போம். ஒன்பதாயிரம் மேற்கோள். அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் அவரே அவரைக் காட்டிக்கொண்டது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ள யாருக்கும் கை எட்டாது என்பார்கள், அவருக்கு எட்டும். விதிப்படி அதையெல்லாம் நான் கழித்தபோது ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார். நிம்மதியான மாதம்.

ஆனால் மூன்றாம் மாடிக் கோடியில் இருக்கிற ஒரு பெண்மணிக்கு மட்டும், அவர் என் மேஜைக்கு வந்து நிற்கும் முன்பே நான் எழுந்து நிற்கிற நிலைமை வந்தது. அது எப்படி என்றுதான் சொல்லப் போகிறேன்.

அவரை எல்லாரும் எச்சில் டாக்டர் என்பார்கள், முகத்துக்கு நேராகவே. உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றி மட்டுமே இருபது வருடமாக ஆராய்கிறவர். மூளை, இதயம், புற்றுநோய் என்று ஆளாளுக்குப் பெரிய உறுப்பாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டபோது இவர் போய் எச்சிலைப் பிடித்துக்கொண்டார். கிண்டல் செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டார். "எல்லார் வாயிலயும் இருக்கிறதால இளக்காரமா இருக்கு. இல்லாதவங்களைக் கேட்டுப் பாருங்க" என்பார்.

இல்லாதவர் என் வீட்டிலேயே இருந்தார்.

என் வீட்டுக்காரர் தையற்காரர். பதினான்கு வருடத்துக்கு முன் அவர் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. கதிர்வீச்சு கொடுத்துக் கரைத்தார்கள். கட்டி போயிற்று, கூடவே வாயிலிருந்த ஈரமும் போயிற்று. அன்றிலிருந்து ஒரு வாய்ச் சாப்பாட்டுக்கு ஒரு மடக்குத் தண்ணீர். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன், நாலு வாக்கியம் பேசினால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நூல் முனையை நாக்கில் தொட்டு ஒரே குத்தில் ஊசியில் கோக்கிறவர், இப்போது தையல் மெஷின் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்திருக்கிறார். "என் எச்சில் பட்ட நூல்ல எத்தனை கல்யாணச் சட்டை தெச்சிருக்கேன், ஒருத்தனும் நன்றி சொல்லலை" என்று சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் தம்ளரைத் தேடுவார். 

அவர் மெஷின் இழுப்பறையில், பாபின்களுக்கு அடியில், ஒரு செய்தித்தாள் துண்டு உண்டு. 'வறண்ட வாய்க்கு வழி பிறந்தது' என்று தலைப்பு. கதிர்வீச்சில் செத்துப்போன உமிழ்நீர்ச் சுரப்பி ஒரு மருந்தால் மறுபடி உயிர் பெறுகிறது, எலிகளில் நிரூபித்துவிட்டார்கள் என்று பதிமூன்று வருடத்துக்கு முன் வந்த செய்தி. நிரூபித்தவர் எங்கள் எச்சில் டாக்டர்தான். மருந்து எப்போது வரும் என்று அவரிடம் கேட்டுச் சொல்லும்படி ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் அடிக்கடி என்னைக் கேட்பார். நான் கேட்டதில்லை. எண்ணுகிறவளுக்கு வேண்டியவர், வேண்டாதவர் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. வீட்டு விஷயத்தை யாரிடமும் கொண்டுபோக மாட்டேன். "மருந்துன்னா சும்மாவா, பதினைஞ்சு வருஷமாவது ஆகும்" என்று நானாகவே தவணை சொல்லி வைத்திருந்தேன்.

இந்த வருடம் நிலையத்தில் ஒரு உத்தரவு வந்தது. ஒவ்வொரு ஆய்வுக்கூடத்தையும் குழு ஒன்று பரிசீலிக்கும். தலைமை ஆய்வாளருக்கு ஆயிரம் மேற்கோளாவது இருந்தால் கூடம் அவருக்கே. இல்லாவிட்டால் அந்த அறை வேறு ஒருவருக்குப் போகும். இதயக்காரர் புதிதாக ஒரு இயந்திரம் வாங்கி, வைக்க இடமில்லாமல் நடைபாதையில் போர்த்தி வைத்திருந்தார். தினமும் மூன்றாம் மாடிக் கோடிக்குப் போய், சன்னல் எந்தப் பக்கம், கதவு எவ்வளவு அகலம் என்று பார்த்துவிட்டு வந்தார். ஆள் சாகும் முன்பே கட்டிலுக்கு அளவெடுக்கிற வேலை.

எச்சில் டாக்டர் பத்து வருடமாக என்னிடம் ஒரு தாளும் கேட்டதில்லை. அவர் கணக்கை அன்றுதான் முதல்முதலாக ஒழுங்காக எடுத்தேன். முப்பத்தெட்டுக் கட்டுரை. சுயமேற்கோளைக் கழிக்க உட்கார்ந்தால் கழிக்க ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மொத்தம் ஆயிரத்து நாற்பத்து மூன்று. முதல் வரியில் இருந்த ஒரே கட்டுரைக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு. எங்கள் இழுப்பறையில் இருக்கிற கட்டுரை. எனக்குக் கைதட்டத் தோன்றியது. சான்றிதழைத் தட்டச்சு செய்து, முத்திரையும் குத்திவிட்டு, வந்து சரிபார்க்கும்படி போன் செய்தேன்.

வந்தார். வெள்ளைக் கோட்டுப் பையில் மெல்லிய இடுக்கி ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழே பார்த்தார். என் மேஜையில் இருந்த பென்சிலை எடுத்து முதல் வரியை அடித்தார்.

"இதை எடுத்துடுங்கக்கா."

"எதை?"

"நானூத்திப் பன்னிரண்டை. அது தப்பான கட்டுரை."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அடித்த தாளின் பின்பக்கத்தில் படம் போட்டார். எலியின் தாடைக்குக் கீழே ஒரு பெரிய சுரப்பி. அதன் மேல் ஓரத்தில், ஒரே உறைக்குள், வெளிறிப்போய் ஒட்டிக்கொண்டு இன்னொரு சின்னச் சுரப்பி. அது நாக்கின் அடிச் சுரப்பி. இரண்டும் வேறு வேறு. ஆனால் பழகாத கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும்.

"பெரிசை மட்டும் வெட்டி எடுக்கணும். கதிர்வீச்சு கொடுத்தா பெரிசு சுருங்கிடும், சின்னது இன்னும் நெருங்கி ஒட்டிக்கும். மருந்து கொடுத்த எலிகளை எல்லாம் நான் கடைசியா, ஒரே சாயங்காலத்துல, அவசர அவசரமா வெட்டினேன். சின்னதும் சேர்ந்து வந்திருக்கு. அதுல இருந்த நல்ல செல்லைப் பார்த்துட்டு, பெரிசு உயிர் பெற்றுடுச்சுன்னு எழுதிட்டேன்."

"எப்ப தெரிஞ்சுது?"

"நாலு வருஷம் கழிச்சு. மிச்சம் வச்சிருந்த துண்டுகளை நானே மறுபடி எடுத்துப் பார்த்தேன். அன்னிக்கே திருத்தம் எழுதி அனுப்பிட்டேன். ஒரு பக்கம் போட்டாங்க. ஒம்பது வருஷம் ஆச்சு. அதை நாலு பேர் படிச்சிருக்காங்க, தப்பை வருஷா வருஷம் காட்டுறாங்க."

பட்டியலைப் பார்த்தேன். முப்பத்தோராவது வரியில் 'திருத்தம்' என்று ஒரு பக்கக் குறிப்பு, மேற்கோள் நான்கு. நானேதான் எண்ணி எழுதியிருந்தேன். எண்ணுகிறவள் படிப்பதில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பாதி கோபம் இழுப்பறையில் இருந்த துண்டுக்காக என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

"திருத்தம்தான் போட்டாச்சே, அப்புறம் என்ன? தப்புன்னு தெரிஞ்சதைக் கழிக்கணும்னு விதியில இல்லை. மல்லாந்து படுத்து எச்சில் துப்பினா யார் மார்ல விழும் டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். "எச்சிலைப் பத்தி என்கிட்டயே சொல்றீங்களா? என் மார்ல விழுந்தா தொடைச்சுக்குவேன்க்கா. இப்ப அடுத்தவங்க தட்டுல விழுந்துகிட்டிருக்கு."

"அறுநூத்தி முப்பத்தொண்ணுதான் மிஞ்சும். ரூம் போயிடும்."

"தெரியும்."

அதற்கப்புறம் சிரிப்பு இல்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "இப்பதான் பெரிய சுரப்பிலயே, உண்மையாவே, ரெண்டு மூணு செல் முளைக்குது. மூணு வருஷ வேலை. அதைத் தூக்கிக்கிட்டு இன்னொரு இடத்துக்கு ஓட முடியாது, செத்துடும். நெனைச்சா அழுகையா வருது. ஆனா அந்த நானூத்திப் பன்னிரண்டு மேல ஏறி நின்னு அந்த ரூமைக் காப்பாத்த மாட்டேன்" என்றார். முத்திரை குத்திய சான்றிதழைத் தானே நாலாகக் கிழித்து என் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஒரு காலரைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல மெஷினின் வேகம் குறைந்து, நின்றது. இழுப்பறையைத் திறந்து அந்தத் துண்டை எடுத்தார். மடித்த இடமெல்லாம் நைந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவர் முகம் அப்படித் தொங்கி நான் பார்த்ததில்லை.

தண்ணீர் குடித்துவிட்டுப் பேசினார். "தப்பாத் தெச்சா பிரிக்கணும். அதுக்கு மனசு வராதவன் மேலாப்புல இன்னொரு தையல் போட்டு மறைச்சுடுவான். பாக்க நல்லாத்தான் இருக்கும். போட்டுக்கிறவனுக்குத்தான் உறுத்தும்." இன்னொரு மடக்கு. "இவங்க பிரிக்கிற ஜாதி. அந்த ரூம் போகக் கூடாதும்மா."

"நான் என்னங்க பண்ண முடியும்? எனக்கு எண்ணத்தான் தெரியும்."

"அப்ப ஒழுங்கா எண்ணு" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்க ஆரம்பித்தார். துண்டைத் திரும்ப உள்ளேயே வைத்துவிட்டதைக் கவனித்தேன். தூக்கிப்போட மனம் வரவில்லை போலும்.

ஒழுங்காக எண்ணுவதென்று இறங்கினேன். மேற்கோள் காட்டுகிறவர்களில் அரைகுறைகள் நிறைய. தலைப்பெழுத்தை மாற்றிப் போடுவார்கள், வருடத்தைத் தப்பாகப் போடுவார்கள், கணினி அதை வேறு ஆள் என்று தள்ளிவிடும். அப்படித் தொலைந்துபோன மேற்கோள்களைத் தேடி மூன்று வாரம் உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டுரைகளை ஒன்றுவிடாமல் கடைசிப் பக்கம்வரை புரட்டினேன். முப்பத்தேழு அகப்பட்டது. சேர்த்தால் அறுநூற்று அறுபத்தெட்டு. ஆயிரத்துக்குக் காததூரம்.

ஆனால் கடைசிப் பக்கம்வரை புரட்டியதால் வேறொன்று கண்ணில் பட்டது. கட்டுரை முடிந்ததும் பொடி எழுத்தில் நன்றி சொல்வார்கள். யாரும் அதைப் படிப்பதில்லை, அதற்கு மதிப்பெண்ணும் இல்லை. ஒன்றில் 'கடிதம் எழுதி எங்களை எச்சரித்ததற்காக' என்று எங்கள் டாக்டரின் பெயர். தற்செயல் என்று விட்டேன். மறுநாள் இன்னொன்றில் 'தன் தவறைத் தானே எங்களுக்குத் தெரிவித்ததால் எங்கள் மாதிரிகளைத் திரும்பச் சோதித்தோம்' என்று அதே பெயர். வார முடிவில் பத்தொன்பது. ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லாத பத்தொன்பது ஆய்வுக்கூடங்கள்.

படியேறிப் போனேன். இருபத்தேழு வருடத்தில் நான் மூன்றாம் மாடிக் கோடிக்குப் போனது அதுதான் முதல் தடவை. நீளவாக்கில் பத்தடி நடந்தால் சுவர். ஒரு வெட்டு மேஜை, அதன் மேல் உருப்பெருக்கி, வளைந்த கழுத்து விளக்கு, பிளாஸ்திரி ஒட்டிய இருக்கையோடு ஒரு முக்காலி. மூலையில் குளிர்பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. இதற்கா இத்தனை அடிதடி என்று இருந்தது.

"என்ன லெட்டர் டாக்டர் அது?" என்றேன், மூச்சு வாங்க.

திருடிக் கையும் களவுமாக அகப்பட்டவர் மாதிரி முழித்தார். பிறகு மேஜைக்கடியில் குனிந்து நாலு கோப்புப் பெட்டிகளை வெளியே இழுத்தார்.

உங்கள் கட்டுரையை ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார் என்று கணினியில் தகவல் வந்தால் எங்கள் நிலையத்தில் இனிப்பு வாங்கித் தருகிறவர்கள் உண்டு. இவருக்கு அந்தத் தகவல் வந்தால், அன்றைக்கே உட்கார்ந்து அந்த ஆளுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். மின்னஞ்சலானால் குப்பைக்குப் போய்விடும் என்று தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, தபாலில். 'என் கட்டுரையை மேற்கோள் காட்டியதற்கு நன்றி. அது தவறானது. திருத்தத்தை இணைத்திருக்கிறேன். உங்கள் மாதிரிகளையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பெரிய சுரப்பியின் மேல் ஓரத்தில் வெளிறிய சின்னதொன்று ஒட்டியிருக்கும். நான் அதைக் கவனிக்கவில்லை.' கூடவே இரண்டையும் பிரிப்பது எப்படி என்று கையால் வரைந்த படம்.

"எத்தனை எழுதினீங்க?"

"எத்தனை பேர் காட்டினாங்களோ அத்தனை."

நானூற்றுப் பன்னிரண்டு. நான் எண்ணினேன், என் வேலை அது. ஒன்றுகூடக் குறையவில்லை. பதில் போட்டவர்கள் நூற்று முப்பத்து மூன்று பேர். சிலர் வைதிருந்தார்கள். சிலர் திரும்ப வெட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்று ஒரு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது. 'அடுத்த மாதம் அறுபது நோயாளிகளுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பார்க்க இருந்தோம். ஈரலைக் கெடுக்கக்கூடிய மருந்து, ஆனாலும் பலன் இருக்கும் என்று நம்பினோம். உங்கள் கடிதம் வந்தது. நிறுத்திவிட்டோம்.'

அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பிளாஸ்திரி முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அந்த அறுபதில் ஒருவராக என் வீட்டுக்காரர் இருந்திருக்கலாம். கூப்பிட்டிருந்தால் செய்தித்தாள் துண்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றிருப்பார். பதினான்கு வருடம் வெளியே சொல்லாததை அன்று டாக்டரிடம் சொன்னேன். பஞ்சுக் கிண்ணம், தம்ளர், இழுப்பறை எல்லாம். சொல்லி முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது, எனக்குத்தான். டாக்டர் கோப்புகளைத் திரும்ப அடுக்கி, "எடுத்துக்கிட்டுப் போங்கக்கா, பிரயோஜனம் இருந்தா" என்றார்.

குழு கூடிய அன்று நீள மேஜையைச் சுற்றி ஐந்து பேர். இயக்குநர், நிலையத்தார் மூவர், உமிழ்நீர்ச் சுரப்பித் துறையிலேயே பழுத்த ஒரு வெளி நிபுணர். நிபுணர் தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு, காலையிலிருந்து வாயைத் திறக்காமல் இருந்தார். நூலகர் எண்ணைப் படிக்க வேண்டும், போய்விட வேண்டும். அதுதான் முறை.

"அறுநூத்தி அறுபத்தெட்டு" என்றேன்.

"ஆயிரத்துக்கு மேலன்னு இல்ல சொன்னாங்க?" என்று இயக்குநர் தாளைப் புரட்டினார். "சரி, குறைவுதான். அடுத்தது."

நான் போகவில்லை. "இன்னும் ஒரு வரி இருக்குங்க சார். சான்றிதழ்ல எழுதியிருக்கேன்." இருபத்தேழு வருடத்தில் எண்ணுக்குக் கீழே நான் எழுதிய ஒரே வாக்கியம் அது. படித்தேன். 'இந்த ஆய்வாளர், தவறு என்று தாமே கண்டுபிடித்த கட்டுரையின் நானூற்றுப் பன்னிரண்டு மேற்கோள்களைத் தாமே கழித்தார். அவற்றை எழுதியவர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதித் திருத்தினார். கடிதங்கள் நூலகத்தில் சரிபார்க்கப்பட்டன.' படித்துவிட்டு நாலு பெட்டிகளையும் மேஜைமேல் வைத்தேன். மேஜை அதிர்ந்தது.

"பாராட்டவேண்டிய விஷயம்தான்" என்றார் இயக்குநர், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "ஆனா கடிதமும் நன்றியும் எண்ணிக்கையில வராதே."

அப்போது வெளி நிபுணர் ஒரு பெட்டியைத் தன் பக்கம் இழுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வருட வாரியாகத் தள்ளித் தள்ளித் தேடினார். ஒரு நகலை உருவி மேஜைமேல் வைத்தார். அவர் பெயருக்கு எழுதிய கடிதம்.

"அந்த நானூத்திப் பன்னிரண்டுல நானும் ஒருத்தன்" என்றார். "இது வந்தப்ப எனக்குக் கோபம். எனக்கு வெட்டத் தெரியாதான்னு. ஒரு மாசம் கழிச்சுத்தான் திரும்பப் பாத்தேன். என்னோடதுலயும் சின்னது ஒட்டிக்கிட்டிருந்தது. முப்பது வருஷ அனுபவம் எனக்கு." கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். "பதில் போடலை. வெட்கம். ஆனா இந்தப் படத்தை வெட்டு மேஜைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன். புதுசா வர்றவங்க யாரா இருந்தாலும் இதைப் பாத்துட்டுத்தான் கத்தியைத் தொடணும். எங்க துறையில இன்னிக்கு எல்லாருமே இப்படித்தான் வெட்டுறோம். யார் சொல்லிக் கொடுத்ததுன்னு எவனும் எழுதறதில்லை, நானும் எழுதலை. எழுதியிருந்தா நீங்க கேக்கிற ஆயிரம் எப்பவோ தாண்டியிருக்கும்."

பிறகு ஒவ்வொருவராகப் பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொரு கடிதமாக எடுத்துப் படிக்க ஆரம்பித்தார்கள். இயக்குநரும்தான். அடுத்த பெயருக்குப் போக அரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் அறை ஐந்து வருடத்துக்கு அவருக்கே என்று எழுதினார்கள். இதயக்காரரின் இயந்திரம் இன்னும் நடைபாதையில்தான் இருக்கிறது. துணி மட்டும் புதுசு.

ஓட்டமும் நடையுமாக மேலே போய் டாக்டரிடம் சொன்னேன். நிபுணர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், நான் மூச்சு விட்டதும் கேட்ட முதல் கேள்வி: "திரும்பப் பாத்தாரே, அதுக்குத் திருத்தம் போட்டாராமா?"

"ரூம் கிடைச்சிருக்கு டாக்டர்!"

"அது கேட்டுது. திருத்தம்?"

இவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தலையில் அடித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் அவர் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதார். நான் குளிர்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். மூன்று தம்ளர் தண்ணீர் காலியாகும்வரை பேசினார். கடைசியில் குறும்பாக ஒன்று சொன்னார். "அந்தக் கட்டுரையை நம்பினவங்க எல்லாருக்கும் லெட்டர் போட்டாங்கங்கிற. எனக்கு வரலையே? பதிமூணு வருஷமா நானும்தானே நம்பினேன்?"

வேடிக்கைக்குத்தான் சொன்னார். நானும் வேடிக்கையாகத்தான் மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "அட்ரஸ் சொல்லுங்க" என்றார்.

நாலாம் நாள் தபாலில் வந்தது. என் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் மற்றவர்களுக்கு எப்படியோ அப்படியே, தபால்தலை ஒட்டி. என் வீட்டுக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலால் உறையை ஓரமாக வெட்டிப் படித்தார்.

'ஐயா, பதிமூன்று வருடங்களுக்கு முன் நான் எழுதியதை நீங்கள் நம்பி வைத்திருந்ததாக அறிந்தேன். அது தவறானது. பெரிய சுரப்பியோடு ஒட்டியிருந்த சின்னதையும் சேர்த்து வெட்டிவிட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. ஒன்பது வருடங்களுக்கு முன்பே உங்களுக்கு இதைத் தெரிவித்திருக்க வேண்டும். சரியான சுரப்பியில் வேலை நடந்துகொண்டிருக்கிறது. மருந்து எப்போது வரும், வருமா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த அன்றைக்கே எழுதுகிறேன்.'

அடியில் அந்தப் படம்.

இரண்டு முறை படித்தார். "பதினாலு வருஷத்துல, தனக்குத் தெரியாதுன்னு என்கிட்டச் சொன்ன முதல் டாக்டர் இவங்கதான்" என்றார். இழுப்பறையைத் திறந்து செய்தித்தாள் துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். கடிதத்தை மடித்து, பாபின்களுக்கு அடியில் அது இருந்த இடத்தில் வைத்தார்.

பிறகு என் பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் கேட்டு வாங்கினார். பேசினால்தான் அவருக்கு வாய் வறளும், எழுத என்ன தடை? ஆனாலும் இரண்டே வரிதான் எழுதினார். 'அம்மா, கடிதம் கிடைத்தது. என் பக்கம் பிரித்தாயிற்று, நீங்கள் தையுங்கள்.' கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டு, நூல் முனையை ஈரப் பஞ்சில் தொட்டு ஊசியில் கோத்தார்.

மறுநாள் காலை நூலகத்தைத் திறந்ததும் முதல் வேலையாக டாக்டரின் கடிதக் கோப்பை எடுத்தேன். கடிதங்கள் நானூற்றுப் பதிமூன்று, பதில்கள் நூற்று முப்பத்து நான்கு என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினேன்.